சும்மாதானுங்க இருக்கறேன்!

1991, பிப்ரவரி மாதம். பல்லடம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துத் திண்ணை. டி.வி.எஸ். 50-ஐ வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, கக்கத்தில் ஒரு கட்டு காகிதத்துடன் வந்து உட்கார்ந்தார் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. எனக்கு அப்போது பத்து வயசு இருக்கும். வாத்தியார் நம் வீட்டுக்கே வந்துவிட்டாரே என்ற பயத்தில் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அப்பா பெயர், வயசு, படிப்பு, தொழில். எழுதிக்கொண்டார். விவசாயம்.

"அம்மா என்னங்க பண்றாங்க?"

"அவ ஊட்டுல சும்மாதானுங்க இருக்கறா" என்றார் அப்பா.

கட்டுத்தரையில் எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த அம்மா, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடியே வந்து ஆமோதித்தார். "ஆமாங்க சார், நான் சும்மாதானுங்க இருக்கறேன். காப்பி வெக்கட்டுங்களா?"

வாத்தியார் எழுதிக்கொண்டார். அப்புறம் காப்பியும் குடித்தார்.

அன்றைக்கு அம்மா எழுந்தது காலை நாலரை மணிக்கு. சாணி வழித்து, கட்டுத்தரை கூட்டி, இரண்டு எருமையிலும் ஒரு பசுவிலும் பால் கறந்து, ஆறு மணிக்குள் பால் சொசைட்டிக்கு அனுப்பியாயிற்று. சோறாக்கி எங்களைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்திவிட்டு, களையெடுக்கும் ஆட்களோடு தானும் களைக்கொத்துடன் காட்டில் இறங்கியாயிற்று. சாயங்காலம் மறுபடி சோளத்தட்டு, புண்ணாக்கு, பால். இதற்குத்தான் எங்கள் ஊர்ப் பாஷையில் 'சும்மா' என்று பெயர்.

அந்த ஒரு வார்த்தை திண்ணையிலிருந்து கிளம்பி தாலுகாவுக்குப் போய், ஜில்லாவுக்குப் போய், டெல்லிக்குப் போய், கடைசியில் ஒரு புள்ளிவிவரமாகி, அதைப் படித்த ஏதோ ஓர் ஆராய்ச்சியாளர் "கோவை மாவட்டத்தில் பெண்கள் இவ்வளவு சதவீதம்தான் வேலை செய்கிறார்கள்" என்று எங்கோ ஒரு புத்தகத்தில் எழுதியிருப்பார். அந்தப் புத்தகத்தை நீங்களும் நானும் படித்துவிட்டு 'அட, அப்படியா!' என்று தலையாட்டியிருப்போம்.

அந்தத் தலையாட்டலைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

நான் படித்தது பி.காம். சரித்திரமும் தெரியாது, சமூகவியலும் தெரியாது. ஆனால் அக்கவுன்ட்ஸ் சொல்லிக்கொடுத்தவர் முதல் வாரத்திலேயே ஒன்றை மண்டையில் ஏற்றிவிட்டார். பேலன்ஸ் ஷீட் அழகாகத்தான் இருக்கும். அதை நம்பாதே. லெட்ஜரைப் பார். லெட்ஜரையும் நம்பாதே. வவுச்சரைப் பார். வவுச்சரில் கையெழுத்து யாருடையது என்று பார்!

பெண்களைப் பற்றிய ஆராய்ச்சிகளைப் படிக்கும்போது எனக்கு அந்த வாத்தியார் ஞாபகம்தான் வரும். புத்தகம் பேலன்ஸ் ஷீட். அரசாங்க அட்டவணை லெட்ஜர். வவுச்சர்? அது எங்கள் திண்ணையில் இருக்கிறது. அதில் கையெழுத்து அப்பாவுடையது.

சரி, வீட்டு வேலையைக் கணக்கில் சேர்க்காத இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது? கொங்குநாட்டில் இல்லை. பழியை நம் தலையில் மட்டும் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவிகளுக்கென்று தனி வகுப்பே இருந்தது. வீட்டைப் பராமரிப்பதும் நாட்டுக்குப் பயனுள்ள வேலைதான் என்ற எண்ணம் அப்போது இருந்தது. 1881 கணக்கெடுப்பில் அந்த எண்ணம் மாறியது. வீட்டு வேலை செய்யும் மனைவிமார் எல்லோரும் 'தொழில் இல்லாதவர்' பட்டியலுக்குப் போனார்கள். அவர்கள் செய்த வேலையில் ஒரு குண்டுமணி குறையவில்லை. பட்டியல்தான் மாறியது.

அமெரிக்காவில் இதற்கு முன்பே சண்டை வந்துவிட்டது. 1878-ல் அங்கிருந்த பெண்கள் சங்கம் ஒன்று நாடாளுமன்றத்துக்கே மனு எழுதியது. வீட்டைக் கட்டிக் காக்கும் பெண்களைச் சம்பாத்தியம் இல்லாதவர்கள் என்று எப்படிப் பதிவு செய்யலாம் என்று கேட்டது. மனு போனது. பட்டியல் அப்படியேதான் இருந்தது.

பிகு என்று ஒரு பொருளாதார அறிஞர். கேம்பிரிட்ஜ்காரர். 1920-ல் வந்த அவருடைய புகழ்பெற்ற நூலில் ஒரு வேடிக்கையைச் சுட்டிக்காட்டினார். ஒருவர் தன் வீட்டில் சமையல் வேலைக்கு ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார். அந்தச் சம்பளம் தேசிய வருமானத்தில் சேரும். பிறகு அந்தப் பெண்ணையே அவர் கல்யாணம் செய்துகொள்கிறார். அதே அடுப்பு, அதே சாப்பாடு. ஆனால் சம்பளம் நின்றுவிட்டது. ஆக, தேசிய வருமானம் குறைந்துவிட்டது! கல்யாணம் செய்துகொள்வதன் மூலம் ஒரு மனிதர் நாட்டை ஏழையாக்கிவிட்டார்.

சிரிப்பு வருகிறதல்லவா? அடுத்து நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். அதில் சிரிப்பு கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

1961-ல் இந்தியாவில் வேலை செய்யும் பெண்கள் 5.94 கோடிப் பேர் என்றது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பத்து வருஷம் கழித்து, 1971-ல்? ஜனத்தொகை ஏறியிருக்கிறது, பெண்களின் எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. எனவே ஆறரைக் கோடி? ஏழு கோடி?

3.13 கோடி!

பத்து வருஷத்தில் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் கோடிப் பெண்களைக் காணோம். போர் வந்து சாகவில்லை, பஞ்சம் வந்து ஊரைவிட்டு ஓடவில்லை. உயிரோடு, அதே ஊரில், அதே மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டு இருந்தார்கள். கணக்கில் மட்டும் காணாமல் போய்விட்டார்கள்.

என்ன ஆயிற்று?

1961-ல் விதி தாராளமானது. விவசாயம், கால்நடை, கைத்தொழில் போன்ற பருவ வேலைகளில், அந்தப் பருவத்தின் பெரும்பகுதி நாட்களில் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தாலே போதும். அவர் உழைப்பாளி. எங்கள் அம்மாவும் ஆத்தாவும் கண்ணை மூடிக்கொண்டு பாஸ்.

1971-ல் விதியை மாற்றினார்கள். 'உங்கள் முக்கியமான வேலை என்ன?' என்று கேட்டார்கள். எந்தப் பெண்ணிடம் கேட்டாலும், அல்லது அவள் புருஷனிடம் கேட்டாலும், என்ன பதில் வரும்? "ஊட்டு வேலைதானுங்க." ஆயிற்று. முக்கிய வேலை வீட்டு வேலை என்றதும் அவர் 'உழைக்காதவர்' கட்டத்தில் விழுந்தார். தினம் நாலு மணி நேரம் காட்டில் வேலை செய்வது இரண்டாம்பட்சக் குறிப்பாக ஓர் ஓரத்தில் ஒதுங்கியது.

இப்போது ஓர் ஆராய்ச்சி மாணவரை நினைத்துப் பாருங்கள். இரண்டு அட்டவணைகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, "1960-களில் இந்தியப் பெண்களில் பாதிப்பேர் வேலையை விட்டுவிட்டார்கள்" என்று ஆய்வேடு எழுதலாம். ஒவ்வோர் எண்ணுக்கும் அடிக்குறிப்பு இருக்கும். எல்லாம் அரசாங்க முத்திரையுள்ள எண்கள். அத்தனையும் சரியாக இருந்து, முடிவு மட்டும் தப்பாக இருக்கும்!

நல்லவேளை, அந்த எண்களைக் கையில் வாங்கியவர்கள் வெறும் வாசகர்கள் இல்லை. 1971-ல் மத்திய அரசு பெண்களின் நிலையை ஆராய ஒரு குழுவை நியமித்தது. தலைவர் ஃபுல்ரேணு குஹா. உறுப்பினர்-செயலாளராக வேலையை இழுத்துச் சென்றவர் வீணா மஜும்தார். 1974 கடைசியில் 'சமத்துவத்தை நோக்கி' என்ற அவர்களின் அறிக்கை வந்தது. இந்தியாவில் பெண்ணியல் என்கிற படிப்புத் துறைக்கே அதுதான் கடைக்கால் என்பார்கள். சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு பெண்களின் நிலை மேலே போயிருக்கும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, 'இல்லை, பல விஷயங்களில் கீழே போயிருக்கிறது' என்று சொன்ன அறிக்கை அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காணாமல் போன அத்தனை கோடியும் விதி மாறியதன் மாயம்தான் என்று சொல்லிவிட்டு நான் நழுவிவிட முடியாது. கைத்தொழில்கள் நசிந்தன, மெஷின் வந்தது, பெண்கள் நிஜமாகவே வேலை இழந்த துறைகளும் இருந்தன. எது நிஜமான சரிவு, எது கேள்வியால் வந்த சரிவு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் கஷ்டமே. 'அரசாங்க எண், அப்படியே நம்பு' என்பது ஒரு சோம்பேறித்தனம். 'அரசாங்க எண், எல்லாம் பொய்' என்பது அதைவிடப் பெரிய சோம்பேறித்தனம்.

பிறகு ஓட்டைகளை அடைக்க ஆரம்பித்தார்கள். 1981-ல் 'முழுநேர உழைப்பாளர், குறுகிய கால உழைப்பாளர்' என்று இரண்டு கட்டங்கள் வந்தன. வருஷத்தில் 183 நாள் வேலை செய்தால் முதல் கட்டம், குறைந்தால் இரண்டாம் கட்டம். 2001-ல் இன்னொரு படி மேலே போய், வீட்டு உபயோகத்துக்காக மட்டும் பால் உற்பத்தி செய்தாலும் அது வேலைதான் என்று விளக்கம் கொடுத்தார்கள். எருமைக்கு நன்றி!

நடுவில் 1991-ஐ விட்டுவிட்டேனே? வேண்டுமென்றேதான் விட்டேன்.

பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் வலியுறுத்தியதால், 1991 படிவத்தில் 'கடந்த வருஷம் ஏதாவது வேலை செய்தீர்களா?' என்ற கேள்வியோடு புதிதாக ஒரு வரி சேர்ந்தது. சொந்தப் பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ சம்பளம் இல்லாமல் செய்த வேலையும் இதில் அடங்கும் என்பது அந்த வரி. அதாவது, எங்கள் திண்ணைக்கு வந்த அந்தக் காகிதக் கட்டில் அம்மாவுக்காகவே எழுதப்பட்ட ஒரு வரி அச்சாகி இருந்தது. அதை வாத்தியார் வாய்விட்டுப் படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பாவம், அவருக்கு அன்றைக்கு இன்னும் எத்தனை தோட்டம் பாக்கியோ!

ஆக, கேள்வி சரியாக இருந்தால் மட்டும் போதாது. கேட்கப்பட்டதா? யாரிடம்? யார் பக்கத்தில் நிற்கும்போது?

எங்கள் வீட்டில் இன்னொரு ஆவணமும் இருந்தது. பால் சொசைட்டி பாஸ் புத்தகம். தினம் இத்தனை லிட்டர், இத்தனை ரூபாய் என்று மணிமணியாக எழுதியிருக்கும். நூறு வருஷம் கழித்து ஒரு சரித்திர ஆசிரியர் கையில் அது கிடைத்தால் கொண்டாடுவார். ஆனால் முதல் பக்கத்தில் இருப்பது அப்பா பெயர். அப்பாவுக்கு எருமையிடம் பேசக்கூட வராது. அவர் கிட்டப் போனால் அது காலைத் தூக்கும். அந்தப் புத்தகத்தில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. ஆள்தான் வேறு.

கொங்குநாட்டின் தொழில் சரித்திரத்துக்கும் இப்படி ஒரு முதல் பக்கம் இருக்கிறது. திருப்பூரில் நிருபராக இருந்த காலத்தில் பனியன் முதலாளிகள் பலரைப் பேட்டி எடுத்திருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்வார்கள். மானாவாரிக் காடு, மழை இல்லை, பையில் பத்து ரூபாயுடன் டவுனுக்கு வந்தேன், கம்பெனியில் கூலிக்கு நின்றேன், அப்புறம் பங்குக்கு ஒரு மெஷின். "எல்லாம் உழைப்புங்க தம்பி." கதை பொய்யில்லை. அந்தக் கைகளில் காய்ப்பு இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஷரத் சாரி என்கிற ஆய்வாளரும் இந்தக் கதைகளைத் திருப்பூரில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் கேட்டார். 2004-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய புத்தகத்தின் துணைத் தலைப்பிலேயே 'தானே உருவான ஆண்கள்' வந்துவிடுகிறார்கள். 'உழைப்பு' என்ற சொல்லை அவர் அப்படியே நம்பிவிடவும் இல்லை, கிண்டலாக ஒதுக்கிவிடவும் இல்லை. விவசாயக் குடியிலிருந்து வந்த ஆண்கள் தங்கள் உழைப்பையே எப்படி மூலதனமாக மாற்றிக்கொண்டார்கள், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே எப்படி முதலாளி ஆனார்கள் என்று தோண்டினார். ஒரு மூலத்தைப் படிக்க அதுதான் முறை. சொன்னதைக் கேள். ஏன் இப்படிச் சொல்கிறார் என்றும் கேள்.

அதைப் படித்த பிறகுதான் என் பழைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினேன். வெட்கமாக இருந்தது. அத்தனை பேட்டிகளில் ஒரு வீட்டம்மாவிடம்கூட நான் கேள்வி கேட்கவில்லை. முதல் மெஷின் வாங்க அடகுக்குப் போனது யார் நகை? பத்து ஆளுக்குச் சோறாக்கிப் போட்டது யார்? ராத்திரி பதினொரு மணிக்குத் திண்ணையில் பனியன் மூட்டையைப் பிரித்து வைத்துப் பிசிறு வெட்டியது யார்? விசைத்தறிக் குடோனில் தார் சுற்றிக்கொடுத்தது யார்? 'அவங்க ஊட்டுல சும்மாதான் இருக்காங்க' என்ற பதிலை எழுதிக்கொண்டு, காப்பியையும் குடித்துவிட்டு வந்த வாத்தியார்களில் நானும் ஒருவன்.

சரி, கேள்வியையே மாற்றிக் கேட்டால் என்ன ஆகும்? 'என்ன வேலை செய்கிறீர்கள்' என்று கேட்காமல், 'நேற்று காலை நாலு மணியிலிருந்து இன்று காலை நாலு மணி வரை என்னென்ன செய்தீர்கள்' என்று கேட்டால்? அதற்குப் பெயர் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. 1998-99-ல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் 18,591 குடும்பங்களில் சோதனையாக எடுத்தார்கள். வீட்டு வேலையும் பராமரிப்பும் சேர்த்து, பெண்களுக்கு வாரத்துக்கு சுமார் 34.6 மணி நேரம். ஆண்களுக்கு 3.6 மணி நேரம். 'சும்மா'வுக்கு முதன்முறையாக ஒரு எடை கிடைத்தது.

2019-ல் நாடு முழுக்க எடுத்தார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் தினம் 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம் என்று பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி வந்தது. என் நண்பர் ஒருவர் உற்சாகமாகப் போன் செய்தார். "பாத்தீங்களா, நாமளும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல வீட்டு வேலை செய்யறோம்!"

"நீங்க செய்யறீங்களா?"

"நான் செய்யறதில்லீங்க. சராசரியைச் சொன்னேன்."

அந்தச் சராசரியில்தான் விஷயமே இருக்கிறது. 97 நிமிஷம் என்பது எல்லா ஆண்களின் சராசரி இல்லை. அன்றைக்கு வீட்டு வேலை ஏதாவது செய்த ஆண்களின் சராசரி. அப்படிச் செய்தவர்கள் 100-க்கு 26 பேர்தான். மீதி 74 பேர் துரும்பைக்கூட நகர்த்தவில்லை. பெண்களில் 100-க்கு 81 பேர் செய்தார்கள். எல்லோரையும் சேர்த்து வகுத்தால் ஆணுக்குச் சுமார் 25 நிமிஷம், பெண்ணுக்குச் சுமார் 243 நிமிஷம். மூன்று மடங்காகத் தெரிந்த வித்தியாசம் கிட்டத்தட்டப் பத்து மடங்காகிவிட்டது. ஒரே கணக்கெடுப்பு, ஒரே அறிக்கை. எந்த வரியைப் படிக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். 2024-ல் மறுபடி எடுத்தபோது 289 நிமிஷம், 88 நிமிஷம். இதையும் அப்படித்தான் படிக்க வேண்டும். வகுத்தது எத்தனை பேரால்?

'சரி சார், இதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள் சமாச்சாரம். நமக்கென்ன?' என்கிறீர்களா? ஒரு விபத்து நடந்து, வீட்டம்மா இறந்துபோய், நஷ்ட ஈட்டு வழக்கு கோர்ட்டுக்கு வரும்போது தெரியும் நமக்கென்ன என்று. 'இறந்தவரின் வருமானம் என்ன?' என்பதுதான் அங்கே முதல் கேள்வி. 'சும்மா இருந்தாங்க' என்றால் வருமானம் சைபர்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-ல் ஒரு வழி சொன்னார்கள். வருமானம் இல்லாத மனைவி என்றால், கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள். 2009-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் இருந்த அமர்வு, இல்லத்தரசியின் உழைப்பு விலைமதிப்புள்ளது என்று விரிவாக எழுதியது. அடுத்த வருஷம், 2010 ஜூலையில், உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.எஸ்.சிங்வி, ஏ.கே.கங்குலி அமர்வு அதே வழியில் போனது. கீழே 2.5 லட்சம் என்று கிடைத்த நஷ்ட ஈட்டை 6 லட்சமாக உயர்த்தியது. நீதிபதி கங்குலி தன் தனித் தீர்ப்பில் 2001 கணக்கெடுப்பையே ஒரு பிடி பிடித்தார். சமைத்து, பாத்திரம் கழுவி, குழந்தை வளர்த்து, தண்ணீர் சுமக்கும் பெண்களை உழைக்காதவர்கள் என்று சொல்லி, பிச்சைக்காரர்கள், பாலியல் தொழிலாளர்கள், கைதிகளோடு சேர்த்து வைத்திருக்கிறீர்களே, இப்படிச் சுமார் 36 கோடிப் பெண்கள் என்று வருத்தப்பட்டார்.

நான் எழுந்து நின்று கைதட்டினேன். அப்புறம் உட்கார்ந்தேன். பி.காம். புத்தி சும்மா இருக்குமா?

2001-ல் இந்தியாவில் பெண்கள் மொத்தம் சுமார் 49.6 கோடி. அதில் உழைப்பாளர் என்று பதிவானவர்கள் சுமார் 12.7 கோடி. கழித்துப் பாருங்கள். 36.9 கோடி. ஆக, அந்த 36 கோடி என்பது உழைப்பாளர் அல்லாத மொத்தப் பெண்பாலும்! அன்று காலையில் பிறந்த பெண் குழந்தை அதில் உண்டு. ஸ்கூல் பெண் உண்டு. தொண்ணூறு வயசுப் பாட்டியும் உண்டு. இல்லத்தரசிகள் அதில் ஒரு பகுதி. கணக்கெடுப்பில் மாணவருக்கு ஒரு எண், வீட்டு வேலைக்கு ஒரு எண், ஓய்வூதியருக்கு ஒரு எண், பிச்சை எடுப்பவருக்கு ஒரு எண் என்று தனித்தனிக் கட்டங்களும் இருந்தன. அத்தனைக்கும் மேலே இருந்த கூரைதான் ஒன்று.

தீர்ப்பு சொன்ன நியாயம் நூற்றுக்கு நூறு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 36 கோடியை 'இல்லத்தரசிகள்' என்று எடுத்து மேடைக்கு மேடை பேசினால், எதிர்க்கட்சி வக்கீல் ஒரே நிமிஷத்தில் பல்லைப் பிடுங்கிவிடுவார். நமக்குப் பிடிக்காத எண்ணைச் சந்தேகப்படுவது சுலபம். நம் பக்கம் பேசும் எண்ணைச் சந்தேகப்படுவதுதான் ஆடிட்டிங்.

கடைசியாக ஒரு குழப்பம். இதுவரை நான் சொன்னதைக் கேட்டு, 'உழைப்பாளர் கணக்கில் பெண்கள் குறைந்தால் அது மோசம், கூடினால் நல்லது' என்று நீங்கள் முடிவுகட்டியிருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜூடித் ஹேயர் அதைக் கலைத்துப்போட்டார்.

இவர் ஆக்ஸ்ஃபோர்டு பொருளாதார அறிஞர். 1981-82-ல் திருப்பூரைச் சுற்றிய கிராமங்களுக்கு வந்து வீடு வீடாகக் கணக்கெடுத்தார். அத்தோடு மூட்டை கட்டிவிடவில்லை. அதே கிராமங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தார், 2008-09 வரைக்கும். ஆரம்பத்தில் பார்த்தபோது தலித் குடும்பங்களில் ஆணும் பெண்ணும் விவசாயக் கூலிகள். பண்ணையத்தில் கட்டுண்டு கிடந்த ஆண்களும் உண்டு. பிற்பாடு பார்த்தபோது ஆண்களின் கூலி கூடியிருந்தது. தலித் பெண்கள் பலர் கூலி வேலையை விட்டு வீட்டோடு இருந்தார்கள். வெறும் அட்டவணையைப் பார்த்தால், 'பெண்களின் வேலை பறிபோனது' என்று அழலாம்.

ஹேயர் அந்தப் பெண்களின் நிலையில் நின்று பார்த்தார். அடுத்தவர் காட்டில் வெயிலில் குனிந்து, குறைந்த கூலிக்கு, மரியாதை இல்லாமல் செய்த வேலை அது. அதிலிருந்து விலகி, தன் வீடு, தன் பிள்ளைகளின் படிப்பு என்று இருக்க முடிவதில் அவர்களுக்கு லாபமும் உண்டு என்று எழுதினார். எங்கள் அம்மாவின் 'சும்மா' வேறு, அவர்களின் 'சும்மா' வேறு. அட்டவணையில் இரண்டும் ஒரே கட்டத்தில் விழும். எங்கள் தோட்டத்தில் அம்மாவோடு களையெடுத்த பெண்களின் கணக்கு என்ன ஆயிற்று என்று இதைப் படிக்கும் வரை எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. திண்ணைக்கு வந்த வாத்தியார் அவர்கள் வீட்டுக்கும் போயிருப்பார். அங்கே யார், என்ன பதில் சொன்னார்கள்?

எனவே அடுத்த முறை 'பெண்கள் இத்தனை சதவீதம்' என்று எதையாவது படிக்கும்போது நான்கே நான்கு கேள்விகள் கேளுங்கள். கேள்வி என்ன? பதில் சொன்னது யார்? எதை எண்ணினார்கள், எதை விட்டார்கள், எத்தனை பேரால் வகுத்தார்கள்? அந்தப் பெண் பேசினால் இதற்கு என்ன சொல்வாள்? எண் உங்களுக்குப் பிடித்தமானதாக இருந்தால் நான்கையும் இரண்டு தடவை கேளுங்கள்.

2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டது. 2027 மார்ச் 1-ஐ மையத் தேதியாக வைத்து நடத்துவதாக 2025 ஜூனில் அரசு அறிவித்தது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். எருமைகள் போய்விட்டன, ஒரே ஒரு பசு மட்டும் பிடிவாதமாக இருக்கிறது.

"யாராச்சும் வந்து கேட்டா, சும்மா இருக்கறேன்னு சொல்லாதீங்கம்மா. மாடு வெச்சிருக்கேன், பால் கறக்கறேன்னு சொல்லுங்க."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அதெல்லாம் ஒரு வேலையா கண்ணு?"

சொல்லிவிட்டு, தீவனம் வைக்க எழுந்து போய்விட்டார்.